விலகல் பூஜ்யம்

மனித குலம் பன்னெடுங்காலமாகத் தேடிக்கொண்டிருந்த நீதி, அந்த ஆண்டு ஜனவரி ஒன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்குத் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. வழங்கியவர் மாநிலச் சமநீதித் தேர்வு ஆணையத்தின் தலைவர், கல்வித் தந்தை டாக்டர் அருள்மொழிநாதன். "இனி இந்த மண்ணில் எந்தக் குழந்தைக்கும் தேர்வு அநீதி இழைக்காது. தேர்வுக்கும் குழந்தைக்கும் நடுவே, இதோ, துலா!" என்று அவர் சென்னையில் முழங்கியதை எல்லாப் பள்ளிகளிலும் திரையில் காட்ட வேண்டும் என்பது உத்தரவு. கோவில்பட்டிக்குக் கிழக்கே ஆலங்கிணறு அரசு மேல்நிலைப் பள்ளியில் 'துலா' என்ற சொல்லோடு இணையம் நின்றுபோனது. தலைவர் வாயைத் திறந்தபடி பதினோரு நிமிடம் திரையிலேயே இருந்தார். அவருடைய கடைவாய்ப் பல்லுக்குத் தங்கத்தில் உறை போட்டிருப்பதை அறுநூறு பிள்ளைகளும் கண்டுகொண்டார்கள். நீதியைப் பற்றி மேற்கொண்டு எதுவும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த சகாயராணிக்கு ஏற்கெனவே தெரியும். சுற்றறிக்கையை அவள் நான்கு தடவை படித்திருந்தாள். அவள் சிறப்பாசிரியர். சிறப்பெல்லாம் பிள்ளைகளுக்குத்தான், அவளுக்கு அந்தப் பள்ளியில் சொந்தமாக ஒரு நாற்காலி கிடையாது. ஒன்றியத்தில் நான்கு பள்ளிகளுக்கு ஸ்கூட்டியில் போய் வருவாள். காது கேளாத பிள்ளைகள், ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைகள், புரிந்துகொள்ள நேரம் எடுக்கும் பிள்ளைகள், படிக்க மட்டும் வராத பிள்ளைகள் எல்லாரும் அவள் பொறுப்பு. ஆலங்கிணற்றில் பதினோரு பேர். அவர்களில் பத்தாம் வகுப்பு எழுதப் போகிறவள் இசக்கியம்மாள்.

இசக்கிக்கு டிஸ்லெக்சியா. ஒரு தடவை காதில் விழுந்த பாடத்தை மறக்க மாட்டாள். முதல் உலகப் போரைத் தலைமையாசிரியர் குரலிலேயே, அவர் இருமுகிற இடத்தில் இருமி, முழுசாகச் சொல்லுவாள். ஆனால் அதே பாடத்தைப் புத்தகத்தில் காட்டினால் ஒரு வரியைத் தாண்ட அவளுக்கு ஐந்து நிமிடம் ஆகும். அவளுக்கு அரசு பஸ் ஓட்ட வேண்டும். அதற்குப் பத்தாவது பாஸாக வேண்டும்.

"பஸ் ஓட்டுறவளுக்குப் போர்டு வாசிக்கத் தெரியாண்டாமாட்டி?" என்று சகாயராணி ஒருமுறை கேட்டாள்.

"போர்டு வெளிய பாத்துல்லா இருக்கு டீச்சர். அத வாசிக்கிறது ஏறுறவன் சோலி."

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்ட ஒருவர், சொல்வதை எழுத ஒருவர், கூடுதலாக ஒரு மணி நேரம் என்று சலுகைகள் முன்பே உண்டு. ஆனால் அதற்கு மாவட்ட மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும். இசக்கியின் அம்மா செல்லத்தாய் தீப்பெட்டி ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு மூன்று தடவை மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் தடவை டாக்டர் லீவு. இரண்டாம் தடவை முத்திரை பீரோவுக்குள், சாவி வேறொருவரிடம். மூன்றாம் தடவை டாக்டர் இருந்தார். "உன் பேர எழுதும்மா" என்றார். பத்து வருடமாக எழுதிப் பழகிய அந்த ஒன்றை மட்டும் இசக்கி முத்து முத்தாக எழுதிக் காட்டினாள். "நல்லாத்தான எழுதுது" என்று டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதனால்தான் துலா வருகிறது என்றதும் சகாயராணி பள்ளியில் எல்லாருக்கும் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள்.

*

துலா என்பது பார்வைக்குத் தலைமுடிப் பட்டை. எலாஸ்டிக் வைத்தது. அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. அதை மாட்டிவிட வந்தவன் நிர்மல், திருப்பூர்க்காரப் பையன், ஆணையத்தின் மாவட்டத் தொழில்நுட்ப அலுவலர்.

"சர்டிபிகேட்டே வேண்டாமுங்க மேடம்," என்று அவன் உற்சாகமாகச் சொன்னான். "பட்டைய மாட்டிட்டு ஒரு பக்கம் படிக்கச் சொல்லுவோம். படிக்கும்போது மூளை எவ்வளவு சிரமப்படுதுன்னு துலா அளக்கும். அத தர மாணவரோட ஒப்பிட்டு, எவ்வளவு விலகல்னு ஒரு நம்பர் வரும். ஒண்ணுக்குக் கீழன்னா ஒண்ணுமில்ல. மூணத் தாண்டிட்டா வாசிக்க ஆள், எழுத ஆள், ஒரு மணி நேரம் கூட. எல்லாம் தானா வந்துரும். யார் கால்லயும் விழ வேண்டியதில்லைங்க."

"தர மாணவர்னா யாரு தம்பி?"

"யாருமில்லைங்க. போன ஆகஸ்ட்ல மாநிலம் முழுக்க கேம்ப் போட்டு, ஒவ்வொரு ஊர்லயும் இருபது சாதாரணப் பிள்ளைகள அளந்தோம்ல, அதோட சராசரி. இந்த டேட்டா மாதிரி நாங்க பார்த்ததே இல்ல மேடம். கன்னியாகுமரில இருந்து திருத்தணி வரைக்கும் அப்படியே ஒத்துப் போகுது. டெல்லில அவார்டு குடுத்தாங்க."

சகாயராணிக்கு மனதில் ஏதோ லேசாக இடறியது. அது என்னவென்று பார்க்க நேரமில்லை. இசக்கியின் முறை வந்துவிட்டது.

இசக்கி பட்டையை மாட்டிக்கொண்டு, சிவாஜி மன்னரைப் பற்றிய ஒரு பக்கத்தோடு மல்லுக்கு நின்றாள். நெற்றி வேர்த்தது. மூன்றாவது வரியில் உதட்டைக் கடித்தாள். ஏழாவது வரியில் கண் கலங்கியது. பத்தாவது வரிக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது. நிர்மல் கையிலிருந்த திரையைப் பார்த்தான். தட்டினான். மறுபடி பார்த்தான்.

"பூஜ்யமுங்க."

"என்ன பூஜ்யம்?"

"விலகல் பூஜ்யம். தசமத்துக்கு அப்புறமும் பூஜ்யம். தர மாணவர் எப்படிப் படிப்பாரோ அச்சு அசலா அப்படியே படிக்கறாங்க. இவ்வளவு இயல்பான பிள்ளைய நான் பார்த்ததே இல்ல மேடம்."

தலைமையாசிரியர் வேலாயுதம் எட்டிப் பார்த்தார். பூஜ்யம் என்றால் நல்லதா கெட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இசக்கியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஐந்து வருடத்தில் அந்தப் பள்ளி அவளுக்குத் தந்த முதல் பாராட்டு அது.

அடுத்து வந்தவள் வகுப்பில் முதல் மாணவி ஹரிணி. அவள் பக்கத்தை முப்பது விநாடியில் படித்து முடித்துவிட்டு, "சார், இதுல ரெண்டு எழுத்துப் பிழை இருக்கு" என்றாள். விலகல் நான்கு புள்ளி ஏழு.

ஹரிணியின் அப்பா உரக்கடை கனகராஜ் கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"யாரு மகளுக்குடா மூளைக் கோளாறு? அஞ்சாப்புல இருந்து பர்ஸ்ட் ரேங்க் வாங்குதா. பட்டையக் கழத்துடா! நான் கோர்ட்டுக்குப் போவேன், தெரியும்லா?"

"கோளாறு இல்லைங்க, விலகல். தர மாணவர விட இவங்க ரொம்ப லேசா படிக்கறாங்க. அதுவும் விலகல்தான்."

"அப்ப அதுக்கு எதுக்கு சலுக? அது நல்லதுல்லா?"

"மேல போனாலும் கீழ போனாலும் விலகல் விலகல்தாங்க. திசை பாக்கறது பாகுபாடுன்னு கமிட்டில தீர்மானம் போட்டுட்டாங்க. மனித கண்ணியத்துக்கு இழுக்காம்." நிர்மல் குரலைத் தாழ்த்தினான். "ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும்ங்க. எழுத ஆளும் உண்டு."

கனகராஜ் நிர்மலின் கையிலிருந்த திரையை எட்டிப் பார்த்தார். பிறகு பொத்தானைச் சரி செய்துகொண்டார்.

"நாலு புள்ளி ஏழுதானா? இன்னும் கொஞ்சம் ஏத்த முடியாதா தம்பி?"

பதினைந்து நாளில் கோவில்பட்டியில் இரண்டு டுட்டோரியல்கள் 'விலகல் வளர்ச்சிப் பயிற்சி' என்று பேனர் கட்டின.

*

மனதில் இடறியது என்னவென்று சகாயராணிக்கு அன்று மாலை, ஸ்கூட்டியில் ரயில்வே கேட் முன்னால் நின்றிருந்தபோது தெரிந்தது. கேட் திறந்து, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து, திட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் நகரவில்லை.

ஆகஸ்ட் கேம்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது அவள்தான்.

எந்தப் பள்ளியிலும் ஒரு வழக்கம் உண்டு. டெங்கு ஒழிப்புப் பேரணி, மழைநீர் சேகரிப்பு மனிதச் சங்கிலி, அமைச்சர் வரும்போது வெயிலில் கொடி பிடித்து நிற்பது என்று வெளி வேலைகள் வந்துகொண்டே இருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பினால் பாடம் கெடும். பாடம் கெட்டால் தேர்ச்சி விழுக்காடு கெடும். அது கெட்டால் தலைமையாசிரியருக்கு மெமோ வரும். ஆகவே யாரை அனுப்பினால் விழுக்காட்டுக்குச் சேதமில்லையோ அவர்களை அனுப்புவது. சுற்றறிக்கையில் 'சராசரி மாணவர்கள் இருபது பேர்' என்றுதான் இருந்தது. வேலாயுதம் அதை அவளிடம் நீட்டியபோது சொன்னது அவளுக்கு இன்னும் நினைவிருந்தது.

"காலாண்டுப் பரீட்ச வருது டீச்சர். ஒத்தப் பிள்ளைய அனுப்ப முடியாது. நீங்க ஒங்க செட்டக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க. எலுமிச்சம் சோறு தாராங்களாம்."

நான்கு பள்ளியிலிருந்தும் சேர்த்து இருபது பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போனாள். பிள்ளைகளுக்குத் திருவிழாவாக இருந்தது. தலையில் பட்டையை மாட்டி, ஒரு பக்கத்தைக் கொடுத்து, 'மெதுவாப் படிங்க, முடிஞ்ச வரைக்கும் போதும்' என்றார்கள். படிக்கத் திணறியதற்காக யாரும் திட்டாத முதல் நாள் அது. திரும்பும்போது ஆளுக்கொரு பேனா. இவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. கேட்காத இடத்தில் பிள்ளைகளின் குறையைச் சொல்வானேன் என்று அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாநிலச் சிறப்பாசிரியர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டாள்: 'ஆகஸ்ட் கேம்புக்கு நீங்க யாரக் கூட்டிட்டுப் போனீங்க?'

முதல் பதில் நாமக்கல்லிலிருந்து: 'நம்ம பசங்களத்தான். ஏன் சிஸ்டர்?' பிறகு விழுப்புரம், 'எங்க HM வேற யாரையும் விடமாட்டேன்னுட்டாரு.' ஊட்டி, 'நம்ம பிள்ளைங்கதான். வேன்ல வாந்தி.' ராமநாதபுரம் கட்டைவிரலை மட்டும் உயர்த்தியது. ஒரு மணி நேரத்தில் இருநூற்றுச் சொச்சம் கட்டைவிரல்கள்.

மாநிலம் முழுக்க டேட்டா ஏன் அப்படி ஒத்துப்போனது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்த தர மாணவருக்கு எழுத்துகள் ஒரு இடத்தில் நிற்காது. நான்கு நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. பக்கத்தின் பாதியில் மணி அடித்துவிடும். அந்தப் பெருமகனோடு ஒப்பிட்டால் இசக்கிக்கு ஒரு குறையும் இல்லை. மற்றப் பிள்ளைகள்தான் பாவம், விலகிக் கிடந்தார்கள்.

*

மறுநாள் அவள் சொன்னதைக் கேட்டு முடித்த வேலாயுதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"டீச்சர், இத எழுத்துல குடுத்துராதீங்க. நான் மூணு மாசத்துல ரிட்டயர்டு."

"சார், அவளுக்கு வாசிச்சுக் காட்ட ஆளில்லன்னா ஒரு பாடமும் பாஸாக மாட்டா. மார்ச் வந்துட்டு."

"என்ன செய்யணும்ங்கீங்க?"

"மேல்முறையீடு. தலைவர நேர்ல பாக்கலாம்னு விதி இருக்கு சார். பெற்றோர் கையெழுத்து வாங்கிட்டேன். ஒங்க முத்திர வேணும்."

அவர் முத்திரையை எடுத்தார். மைப்பெட்டியில் அழுத்தினார். "யாரு அனுப்புனான்னு கேட்டா," என்று ஆரம்பித்து, முடிக்காமல் குத்திவிட்டார்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் சகாயராணி இசக்கியைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனாள். ரயில் நிலையத்திலிருந்து ஆணையம் வரை பஸ். இசக்கி டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "ரெண்டுல போடவேண்டிய எடத்துல மூணுல போடுதாரு" என்று டீச்சரிடம் மட்டும் சொன்னாள்.

தலைவரின் அறை குளிர்ந்திருந்தது. பெரிய மேசை. சாய்வு நாற்காலியின் முதுகில் வெள்ளைப் பூத்துவாலை. சுவரில் அவர் நிறுவிய பதினான்கு கல்லூரிகளின் படங்கள். அவர் படித்த கல்லூரியின் படம் எதுவும் இல்லை. டாக்டர் பட்டம் ஏதோ ஒரு பல்கலைக்கழகம் பார்த்துக் கொடுத்தது. இடது பக்கம் நேர்முக உதவியாளர் சபாபதி கையில் மனுவோடு நின்றிருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். எப்போதும் அரையடி குனிந்தே நின்று பழகியவர். மூலையில் நிர்மலும் இருந்தான். மாவட்டத்திலிருந்து விளக்கம் கொடுக்க அவனை வரச் சொல்லியிருந்தார்கள்.

"வாசிங்க," என்றார் தலைவர்.

சபாபதி வாசித்தார். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். நான்கு பக்கம். கேம்ப், வேன், எலுமிச்சம் சாதம், இருநூறு கட்டைவிரல்கள் எல்லாம் அதில் இருந்தன. வாசிப்பு முடிந்தது. நிர்மலின் முகம் டெல்லி அவார்டைத் திருப்பிக் கொடுக்கிறவன் முகம்போல ஆகியிருந்தது.

"அம்மா," என்று தலைவர் கண்ணைத் திறக்காமல் ஆரம்பித்தார். குரலில் மேடை ஏறிக்கொண்டது. "காலங்காலமாகப் புறக்கணிக்கப்பட்ட குழந்தைகளை இந்த ஆணையம் மாநிலத்தின் அளவுகோலாகவே ஆக்கியிருக்கிறது. நன்கு படிக்கும் எட்டு லட்சம் பேரை அவர்களோடு ஒப்பிட்டு அளக்கிறோம். இதைவிடப் பெரிய மரியாதையை உலகில் எந்த அரசாவது செய்திருக்கிறதா?"

"மரியாத வேண்டாங்கய்யா. வாசிச்சுக் காட்ட ஒரு ஆள் போதும்."

"அளவுகோலுக்குச் சலுகை தந்தால் அளவே மாறிவிடுமே. பூஜ்யம் பெற்ற குழந்தைக்கு உதவி தேவை என்று நான் எழுதினால், தர மாணவருக்கே உதவி தேவை என்று ஆகும். பிறகு துலா எதற்கு?"

"அதத்தாங்கய்யா நானும் கேக்கேன்."

சபாபதி இருமினார். தலைவரிடம் அப்படிப் பேசுவது வழக்கமில்லை போலும். திரும்பவும் அளக்கலாமே என்று சகாயராணி கேட்டாள். முடியாது என்றார் தலைவர். நான்கு புள்ளி, ஐந்து புள்ளி வாங்கிய பிள்ளைகளின் பெற்றோர் சும்மா இருக்க மாட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சட்டம் தெரியும், மீதிப் பேருக்கு அமைச்சரைத் தெரியும். அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம். அவர் விரலை உயர்த்தினார். சபாபதி மனுவை மூடினார்.

அதுவரை சுவர்ப் படங்களை எண்ணிக்கொண்டிருந்த இசக்கி வாயைத் திறந்தாள்.

"டீச்சர், இந்த சாருக்கு மட்டும் ஒருத்தர் வாசிச்சுக் காட்டுதாரே, இவுகளுக்கு எத்தன புள்ளி?"

"ஏட்டி!" என்று சகாயராணி அவள் கையைப் பிடித்தாள்.

"சும்மா கேட்டேன் டீச்சர்."

சபாபதிதான் பதில் சொன்னார். அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "பாப்பா, அது சலுகை இல்ல. பெரிய அதிகாரிகளுக்குக் கோப்ப வாசிச்சுக் காட்டுறதும், அவங்க சொல்றத எழுதுறதும் அலுவலக நடைமுறை."

"அப்ப எனக்கும் அலுவலக நடைமுறைன்னு போட்டுக் குடுங்க சார்."

அவள் துடுக்காகச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் ஒரு அட்டை செல்லாது என்றதும் இன்னொரு அட்டையை நீட்டுகிற மாதிரி சொன்னாள்.

தலைவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"எழுத்து உன் கண்ணுக்கு எப்படித் தெரியுதும்மா?" மேடைக் குரல் இறங்கிப் போயிருந்தது.

"பஸ்ல நெறிசல்ல நின்னுட்டுப் போகையில பிரேக் போட்டா எல்லாரும் ஒரு பக்கமாச் சாயுவாங்கல்லா சார். அந்த மாதிரி."

"எல்லா எழுத்துமா?"

"பட்டையா இருக்கிறது கொஞ்சம் நிக்கும். கொம்பு வச்சதெல்லாம் எங்க போகுதுன்னே தெரியாது."

"கொம்பு வச்சது மோசம்தான்," என்றார் தலைவர்.

சபாபதி தரையைப் பார்த்தார். சகாயராணி பதினாறு வருடமாக இப்படிப்பட்ட பிள்ளைகளோடு இருப்பவள். அவள் தலைவரைப் பார்த்தாள். உடனே, பார்த்திருக்கக் கூடாது என்பதுபோல, சுவரில் இருந்த பொறியியல் கல்லூரி ஒன்றைப் பார்க்க ஆரம்பித்தாள்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எழுதுங்க சபாபதி."

அவர் சொல்லச் சொல்லச் சபாபதி எழுதினார். தடங்கலே இல்லை, அடித்தல் திருத்தல் இல்லை, அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துப் படிப்பவர்போல வாக்கியம் வாக்கியமாக வந்தது. பொதுத் தேர்வில் வினாத்தாளை மாணவருக்கு வாசித்துக் காட்டுவதும், அவர் சொல்லும் விடையைக் கேட்டு எழுதுவதும் சலுகை ஆகாது. அலுவலக நடைமுறையே ஆகும். எனவே, கோரும் எந்த மாணவருக்கும், துலாவின் அளவைப் பொருட்படுத்தாமல், சான்று எதுவும் கேட்காமல் வழங்கலாம்.

"கோரும் எந்த மாணவருக்குமா ஐயா? இந்தப் பெண்ணுக்குன்னு போட்டா..." என்றார் சபாபதி.

"சொன்னத எழுதுங்க."

தட்டச்சாகி வந்த தாளைச் சபாபதி மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றபடியே அவசரமாக நீட்டினார். தலைவர் பச்சை மைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். சகாயராணிக்கு வெளியே அலுவலகத்தில் நகல் ஒன்று கிடைத்தது. நகல்களில் வழக்கம்போலக் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், ஒப்பம் என்பதன் சுருக்கமாக, 'ஒம்' என்று மட்டும் அடித்திருந்தது.

*

அன்று மாலைக்குள் அந்த நகல் வாட்ஸ்ஆப் குழுவில் ஏறிவிட்டது. ஒரு வாரத்தில் பதினாலாயிரம் விண்ணப்பங்கள் வந்தன. ஆணையம் பதறியது. தலைவர் வெளிநாட்டுக் கல்வி மாநாடு ஒன்றில் இருந்த சமயம் பார்த்து, ஆணையில் பிழை கண்டுபிடித்து ரத்து செய்யும்படி சட்டப் பிரிவுக்கு வாய்மொழி உத்தரவு போனது. 'எப்போது வேண்டுமானாலும் ரத்தாகும்' என்று பத்திரிகைகள் எழுதின.

சகாயராணி தினமும் காலையில் செய்தித்தாளைப் பிரிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இசக்கிக்கு அந்தக் கவலை இல்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் கௌசல்யா அவளுக்காக எழுதப் போகிறவள். கௌசல்யாவுக்கு வேகமாக எழுத வராது என்பதால், இசக்கி நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். "ஸ்டாப்பிங்ல நிப்பாட்டுற மாதிரி டீச்சர். ஆள் ஏறுன பெறகு எடுக்கணும்."

ரத்து வரவில்லை. மார்ச் வந்தது. தேர்வு நடந்தது. ஹரிணிக்கும் எழுத ஆள் கொடுத்திருந்தார்கள். அவள் ஒன்றரை மணி நேரத்தில் தானே எழுதி முடித்துவிட்டாள். அந்த ஆளும் அவளும் மீதி நேரத்துக்குச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். விதிப்படி யாரும் எழுந்து போகக் கூடாது. இசக்கியின் அறையில் மட்டும் கடைசி மணி வரை பேச்சுச் சத்தம் கேட்டது. முதல் உலகப் போரின்போது ஒரு இருமலும் கேட்டது.

மே மாதம் முடிவு வந்தது. இசக்கி ஐந்நூற்றுக்கு முந்நூற்று எழுபத்தொன்று. செல்லத்தாய் தீப்பெட்டி ஆபீசில் எல்லாருக்கும் மிக்சர் வாங்கினாள். வேலாயுதம் ஓய்வு பெறும் விழாவில், 'என் பணிக்காலத்தின் பெருமை' என்று இசக்கியை மேடைக்கு அழைத்து, பேரை மறந்து, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுச் சொன்னார்.

அதற்கடுத்த வாரம் நிர்மல் ஆலங்கிணற்றுக்கு வந்தான். அந்த ஆணை வந்த கையோடு அவனை ஆணையத்தின் சட்டப் பிரிவில் போட்டிருந்தார்கள். துலாவைப் பற்றித் தெரிந்த ஒருவர் அங்கே தேவைப்பட்டாராம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இத்தனை நாள் மனதில் கிடந்ததைச் சகாயராணி அவனிடம் கேட்டாள்.

"ஏந்தம்பி, ரத்து பண்ணுவாங்கன்னு பயந்துட்டே கெடந்தேன். ஏன் பண்ணல?"

"தேடுனோமுங்க மேடம். மூணு நாள் தேடுனோம். ஆணை எண் சரி, தேதி சரி, முத்திரை சரி, வாசகம் அவ்வளவு சுத்தம். வக்கீல் வச்சுப் பார்த்தோம், ஒரு எழுத்த அசைக்க முடியல."

"அப்ப பிழையே இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு இருந்துச்சுங்க. அசல் தாள்ல. அத வச்சு அன்னிக்கே ரத்து பண்ணியிருக்கலாம். இணை இயக்குநர் கிட்டக் காட்டுனோம். அவரு பார்த்தாரு. தாளத் திருப்பிப் பார்த்தாரு. பழையபடி வச்சுட்டாரு." நிர்மல் டீயை ஒரு வாய் குடித்தான். "ரத்து பண்ணணும்னா காரணத்தக் கோப்புல எழுதணும்ங்க. எழுதுனா தலைவர் ஒப்புதலுக்குப் போகும். போனா சபாபதி சார் அத அவருக்கு வாசிச்சுக் காட்டணும். அவரு மாட்டேன்னுட்டாரு. வேற யாரும் முன்வரல. கோப்ப மூடிட்டோம்."

"அப்படி என்ன தம்பி பிழ?"

நிர்மல் டம்ளரை பெஞ்சில் வைத்தான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்.

தலைவரின் கையெழுத்து தலைகீழாக இருந்தது.